பாலத்துக்கு அப்பால் ஒரு நகராட்சி

உடல் தேறி வீடு திரும்பும் நாளில் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: "வெளியூர்ப் பயணம் எப்போது போகலாம்?" அந்த வெளியூர் பெரும்பாலும் பழநியாக இருக்கும், இல்லையேல் ராமேஸ்வரமாக இருக்கும். நோய் கடுமையாக இருந்த நாளில் நேர்ந்துகொண்ட வேண்டுதலை நிறைவேற்றாமல் மனம் அமைதி கொள்வதில்லை. பழநி நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் படிக்கட்டும், இழுவை ரயிலும், மலையடிவாரத்து வெயிலும் நமக்குப் பழகியவை. முடியாவிட்டால் அன்று மாலையே வீடு திரும்பிவிடலாம். ராமேஸ்வரம் அப்படிப்பட்ட ஊரன்று. திண்டுக்கல்லிலிருந்து மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ 235 கிலோமீட்டர் தொலைவு. அதிலும் கடைசிப் பகுதி கடலுக்கு மேல்.

பேருந்து மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் பயணிகள் எழுந்து நின்று இருபுறமும் கடலைப் பார்க்கிறார்கள். சில நிமிடங்களில் மறுகரை வந்துவிடுகிறது. தாங்கள் ஒரு தீவுக்குள் நுழைந்துவிட்டோம் என்பதைப் பலரும் அத்துடன் மறந்துவிடுவார்கள். ஆனால் நோயுற்ற ஒருவரை அழைத்துச் செல்லும் குடும்பம் அதை மறக்கக் கூடாது. அந்த ஊரின் குடிநீர், தொழில், மருத்துவம் ஆகிய யாவும் அது தீவாக இருப்பதிலிருந்தே உருவானவை. ராமேஸ்வரத்தைக் கோயிலாக அறிந்தவர் பலர். இக்கட்டுரை அதை ஓர் ஊராக, ஒரு தீவு நகராட்சியாக அறிமுகம் செய்கிறது.

மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் பிரித்துக்கொண்டு கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல் திட்டே பாம்பன் தீவு. மேற்குப் பகுதி சற்று அகன்றும், தென்கிழக்கே தனுஷ்கோடியை நோக்கிப் போகப் போக ஒடுங்கியும் இருக்கும். அரிச்சல்முனையில் நிலம் முடிகிறது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தீவின் மேற்குக் கரையில் பாம்பனும், நடுவில் தங்கச்சிமடமும் தனித்தனி ஊராட்சிகளாக இருக்கின்றன. கிழக்கே கோயிலையும் தனுஷ்கோடியையும் உள்ளடக்கிய பெரும்பகுதி ராமேஸ்வரம் நகராட்சிக்கு உட்பட்டது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 44,856. 1866 ஆம் ஆண்டிலேயே நகராட்சியாகி, 2014 இல் மாநகராட்சியாக உயர்ந்த திண்டுக்கல்லோடு ஒப்பிட்டால் சிறிய ஊர்தான். ஆயினும் ஆடி, தை, மகாளய அமாவாசை நாள்களில் அந்தச் சிற்றூர் தன் மக்களைக் காட்டிலும் பன்மடங்கு விருந்தினரைத் தாங்க வேண்டியிருக்கிறது. குடிநீர், கழிப்பிடம், குப்பை, மருத்துவம் என்று நகராட்சி போடும் எந்தக் கணக்கிலும் ஊராரைவிட வந்து போவோரே அதிகம்.

தீவு நகராட்சி என்னும் அமைப்பு நமக்கு அரிது. கிரேக்க நாட்டில் அது அன்றாட வழக்கம். 2011 இல் அங்கே நடைமுறைக்கு வந்த உள்ளாட்சிச் சீர்திருத்தம் சிறு நகராட்சிகள் பலவற்றை ஒன்றிணைத்துப் பெரும்பாலான தீவுகளைத் தீவுக்கு ஒரு நகராட்சி என்று ஆக்கியது. முதியோர் நெடுங்காலம் வாழும் இடமென்று உலகெங்கும் பேசப்படும் இக்காரியா தீவில் அதுவரை இருந்த மூன்று நகராட்சிகள் அவ்வாறு ஒன்றாயின. அத்தீவின் வெந்நீர் ஊற்றுகளில் மூட்டுவலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக நீராடி வருகிறார்கள். நம் ராமேஸ்வரத்துத் தீர்த்தங்களை நினைவூட்டும் வழக்கம் அது. ஆனால் அங்கே பாலம் கிடையாது. சிறு மருத்துவமனையில் கையாள இயலாத நோயாளியை ஹெலிகாப்டரிலோ கப்பலிலோ ஏதென்ஸுக்கோ பெரிய தீவுக்கோ கொண்டு செல்ல வேண்டும். காற்று மிகுந்தால் கப்பல் புறப்படாது. நெடிய ஆயுளுக்குப் பெயர்பெற்ற தீவிலும் அவசரத்துக்கு வானிலையின் தயவு வேண்டியிருக்கிறது.

ராமேஸ்வரத்துக்குப் பாலம் இருக்கிறது. ஆனால் சாலைப் பாலத்தின் வயது பலரும் எண்ணுவதைவிடக் குறைவு. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் ரயில் பாலம் மட்டுமே. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம் கொண்ட அப்பாலத்தின் நடுப்பகுதியைத் தொழிலாளர்கள் கைகளால் நெம்புகோலைச் சுழற்றி உயர்த்துவார்கள். கப்பல் கடந்ததும் மீண்டும் இறக்குவார்கள். பேருந்தும் காரும் செல்லும் இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 74 ஆண்டுகளில் தீவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலும், ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலானாலும், பெருநிலத்துக்கு வர ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். அன்றேல் படகில் கால்வாயைக் கடக்க வேண்டும். ரயில் வரும் நேரத்துக்குத் தக்கபடி நோய் முற்றுவதில்லை. இன்று அறுபது வயதைக் கடந்த ராமேஸ்வரத்தார் ஒவ்வொருவருக்கும் அந்தக் காலம் கண்முன் நிற்பதாகும்.

அந்த ஒற்றைப் பாதையும் அறுந்துபோன இரவு ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்நாளைய தனுஷ்கோடி வெறும் மீனவக் குடியிருப்பன்று. ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், பள்ளி, தேவாலயம், மருத்துவமனை எல்லாம் உடைய துறைமுக ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்பு போவோரின் வழி அது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயிலை அலை கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் சிதைந்தது. அந்நாளில் இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் சீராக்கப்பட்டு ரயில் மீண்டும் ஓடியது. தனுஷ்கோடியோ மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று அறிவிக்கப்பட்டது. மணலில் நிற்கும் தேவாலயச் சுவரையும் ரயில் நிலையத்தின் எச்சத்தையும் காண இன்று மக்கள் செல்கிறார்கள். நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்த இடிபாடுகளுக்கு நடுவே ஒரு மருத்துவமனையும் இருந்தது என்பதை நம் வாசகர்கள் நினைவிற்கொள்ளலாம்.

நூறாண்டைத் தாண்டிய பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன்பின் இரண்டாண்டுகளுக்கும் மேலாக ரயில்கள் பாலத்தைக் கடக்காமல் பெருநிலத்திலேயே நின்றுவிட, சாலைப் பாலம் ஒன்றே தீவின் வழியாயிற்று. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுவே 72.5 மீட்டர் நீளப் பகுதி, லிஃப்ட் போல நேராக 17 மீட்டர் உயரம் மேலெழும். முன்போல் கைகளால் சுழற்ற வேண்டியதில்லை. எனினும் ஒன்று மாறவில்லை. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கு அனுமதி கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ராமேஸ்வரம் செல்ல நினைப்போர் புறப்படும் முன் வானிலை அறிவிப்பைப் பார்ப்பது நன்று. ஒருநாள் பயணம் மூன்று நாள் ஆகக்கூடும். நோயாளியின் மருந்துப் பெட்டி அந்த மூன்றாம் நாளையும் கணக்கிட்டு நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

பாலத்தின் இக்கரையில் உள்ள மண்டபத்துக்கும் நம் பகுதிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதுவும் மருத்துவம் சார்ந்ததே. இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களை அந்நாட்டு அரசு மண்டபம் முகாமில் சில நாள்கள் தங்கவைத்துக் கண்காணித்தது. காலராவோ பிளேக்கோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அம்மைத் தடுப்பூசி போடுவார்கள். கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள். அதன்பிறகே தனுஷ்கோடிக்கு ரயில். திண்டுக்கல் அந்நாளில் மதுரை மாவட்டத்தின் பகுதி. 1985 செப்டம்பர் 15 அன்றுதான் தனி மாவட்டமாயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் பழைய மதுரை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டுப் போனவர்கள் அந்த முகாமின் வரிசையில் நின்றவர்களே. நம் வாசகர்களில் சிலரது பாட்டனாரோ பூட்டியோ அவ்வரிசையில் நின்றிருக்கக்கூடும். தனிமைப்படுத்தல் என்னும் சொல்லை நாம் அண்மைத் தொற்றின்போதுதான் கற்றோம் என்று எண்ணுகிறோம்; நம் முன்னோர் அதை மண்டபத்திலேயே அறிந்திருந்தனர்.

இனித் தண்ணீர். உப்புக் கடல் சூழ்ந்த மணல் தீவில் இனிப்பான கிணறுகள் எப்படி அமைந்தன? மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. ஆகையால் அது அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஓர் அகல்விளக்கின் வடிவத்தில் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு முழம் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது முழம் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுவிதி. அளவோடு இறைத்தால் ஊற்று வற்றாது. ஆழ்குழாய் இறக்கி உறிஞ்சினால் மேல்மட்டம் ஒரு முழம் இறங்கும்போது அடியிலிருந்து உப்புநீர் நாற்பது முழம் மேலேறும். தங்கச்சிமடத்து வில்லூண்டித் தீர்த்தத்தில், சுற்றிலும் கடல் அலையடிக்க, நடுவிலுள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் இருப்பதன் காரணமும் இதுவே. தனுஷ்கோடி மீனவப் பெண்கள் மணலைக் கையால் தோண்டிச் சிறிது நேரம் காத்திருந்து அகப்பையால் குடிநீர் முகப்பதும் இதே அறிவினால்தான். ஆழமாகத் தோண்டக் கூடாது என்பது அவர்களுக்கு எவரும் பாடம் நடத்திச் சொல்லித் தந்ததன்று. ஆத்தூர் நீர்த்தேக்கத்தை நம்பி, குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணி எண்ணி வாழ்ந்த திண்டுக்கல்லாருக்கு இந்தச் சிக்கனம் புரியாததன்று.

இன்று ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. இருப்பினும், விடுதிகளில் புழங்கும் தண்ணீர் சில இடங்களில் உவர்ப்பாகவே இருக்கும். குளிக்க அது போதும். உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதைக் குடிக்க வேண்டா. நாவில் உவர்ப்புத் தட்டினால் அதில் சோடியம் கூடுதலாக இருக்கிறது என்றே பொருள். அவர்களுக்கு உப்பைக் குறைத்து எழுதிக்கொடுத்த உணவுமுறை குடிநீருக்கும் பொருந்தும்.

தீர்த்தமாடல் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதலில் கோயிலின் கிழக்கே கடலில், அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. பிறகு ஈரத்துணியோடு கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களில் ஒவ்வொன்றாக வாளி நீரை ஏற்றுக்கொள்வது. கோடி தீர்த்தத்தில் அது நிறைவுறும். அதன்பின் உலர்ந்த ஆடை மாற்றிக்கொண்டு தரிசனம். கூட்ட நாளில் இது மூன்று நான்கு மணி நேரம் நீளும். உடல்நலம் உள்ளவருக்கு உவகை தரும் அனுபவம். நோயிலிருந்து மீண்டு வருபவருக்கு ஒவ்வொரு படியிலும் யோசிக்க வேண்டிய செயல்.

அறுவைசிகிச்சைக் காயம் முழுமையாக ஆறி, மருத்துவர் அனுமதி தரும்வரை கடலில் முழுகக் கூடாது. தையல் பிரித்துவிட்டார்கள் என்பது மட்டும் போதாது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. தோலில் உள்ள சிறு வெட்டு வழியாகவும் அது உள்ளே நுழையும். நலமாக உள்ளோருக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. கல்லீரல் நோயாளிகள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையோ உறுப்பு மாற்று மருந்தோ உட்கொள்பவர்கள் ஆகியோரிடம் அது ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முற்றக்கூடும். கடலாடிய பின் காயத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், கடும் வலி, காய்ச்சல் தோன்றினால் ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டா. அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று, கடலில் குளித்தோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கல்லீரல் நோயாளிகள் நன்கு வேகாத நண்டு, சிப்பி வகைகளையும் தவிர்க்க வேண்டும்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குன்றியவர்களுக்குக் கோயிலின் நெடும்பிரகாரம் மற்றொரு சோதனை. 1,200க்கும் மேற்பட்ட தூண்கள் அணிவகுக்கும் அந்த வெளிப்பிரகாரத்தின் அழகில் கண் பதிந்திருக்கும்போது, வெறுங்காலில் தைத்த சிறு கல் தெரிவதில்லை. பிரகாரத்துக்குள் நிழல் உண்டு. ஆனால் கடற்கரையிலிருந்து கோபுர வாசல்வரை நண்பகலில் காலைச் சுடும். விடியற்காலையில் செல்லுங்கள். கோயில் எல்லைவரை செருப்பணிந்தே செல்லுங்கள். இரவு அறைக்குத் திரும்பியதும் உடன் வந்தவர் விளக்கடியில் அமர்ந்து நோயாளியின் இரு பாதங்களையும், விரலிடுக்கு உட்பட, பார்த்துவிட வேண்டும். நோயாளி தாமே பார்த்துக்கொண்டதாகச் சொன்னாலும் பாருங்கள்.

கிணறுகளைச் சுற்றியுள்ள கல்தளம் எந்நேரமும் ஈரமாக இருக்கும். இடுப்பு, முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொண்டவரும் முதியோரும் இருபுறமும் ஆள் துணையின்றி அங்கே நடக்கலாகாது. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஈரத்துணியோடு மணிக்கணக்கில் நிற்பது மூச்சிரைப்பை வரவழைக்கும். வலிப்பு நோயாளிகள் கடலில் இறங்காதிருப்பதே நல்லது. இத்தகையோர் 22 தீர்த்தங்களின் நீரையும் வீட்டார் கொண்டுவரத் தலையில் தெளித்துக்கொள்வதைக் கோயிலில் நாள்தோறும் காணலாம். அதனால் வேண்டுதல் குறைபட்டதாக அவர்கள் எண்ணுவதில்லை. நீங்களும் எண்ண வேண்டியதில்லை.

தர்ப்பணம் முடியும்வரை உண்ணாதிருப்பது வழக்கம். இன்சுலின் போட்டுக்கொள்பவரும், சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளை உட்கொள்பவரும் அவ்வாறு பட்டினி கிடந்தால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் என்று தாழ்சர்க்கரை வந்துசேரும். வெயிலும் கூட்டமும் இருக்கும் இடத்தில் அதை வெறும் களைப்பு என்று கருதிவிடுவது எளிது. அன்றைய மருந்தளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவையுங்கள். உடன்செல்பவரின் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். இன்சுலினை நிறுத்திவைத்த வண்டிக்குள் விட்டுவிடாதீர்கள். பனிக்கட்டியின்மேல் நேராகவும் வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியே சொல்லக் கூசுவதால் இது பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. வழியில் கழிப்பிடம் கிடைக்காது என்ற அச்சத்தால், இதய நோயாளிகள், குறிப்பாகப் பெண்கள், சிறுநீர் பெருக்கும் மாத்திரையைப் பயண நாளில் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலில் வீக்கமும் இரவில் மூச்சுத்திணறலுமாக அவதிப்படுகிறார்கள். மாத்திரையை நிறுத்துவதற்குப் பதில் நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரைக் கேட்டால் வழி கிடைக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இரண்டு முறைக்கு இடைப்பட்ட நாளில் போய்த் திரும்புமாறு திட்டமிட வேண்டும். அண்மையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் ஐந்து மணி நேரப் பயணத்தில் இரண்டு முறையேனும் வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். அசையாத காலில் ரத்தம் உறையும்.

யாத்திரிகர் கண்ணில் படாத ராமேஸ்வரம் ஒன்றுண்டு. தீவின் மக்களில் பெரும்பாலோர் கடலை நம்பியவர்கள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்த இரு மாதங்களில் கடைத்தெருவே களையிழந்துவிடும். பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலடியில் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொண்ட கண்ணாடி, பாறையும் பவளமும் கிழிக்காதிருக்க விரல்களில் சுற்றிய துணி, இவையே அவர்களுடைய கருவிகள். அவர்கள் பறிக்கும் பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களுக்கு மிகவும் வேண்டப்படும் பொருள். நோயாளியின் சிறுநீரிலோ சீழிலோ எந்தக் கிருமி இருக்கிறது என்று அறிய, அகார் இட்ட தட்டில்தான் அதை வளர்த்துப் பார்க்கிறார்கள். அக்கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்பதையும் அத்தகைய தட்டே காட்டித்தருகிறது.

தங்கச்சிமடம் பகுதியின் மணற்பாங்கான நிலம் மல்லிகை நாற்றுக்குப் பேர்போனது. மதுரை மல்லி என்று உலகறிந்த பூவின் செடி அங்கே பதியம் போடப்பட்டுத்தான் நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு வருகிறது. நிலக்கோட்டைச் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு ராமேஸ்வரம் செல்பவர், தீவில் பிறந்ததைத் தீவுக்கே திருப்பிக் கொண்டுபோகிறார் என்றுகூடச் சொல்லலாம்.

அத்தீவில் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்த அப்துல் கலாமின் நினைவிடம் பேய்க்கரும்பில் இருக்கிறது. 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. ஏவுகணை மாதிரிகளைக் காணவே பலரும் செல்கிறார்கள். மருத்துவமனைச் செய்திமடல் என்ற முறையில் நாம் வேறிரண்டை நினைவுகூர விரும்புகிறோம். ஒன்று, இதய மருத்துவர் சோம ராஜுவுடன் சேர்ந்து 1990களில் அவர் உருவாக்கிய குறைந்த விலை இதய ஸ்டென்ட். மற்றொன்று, போலியோவால் கால் நலிந்த குழந்தைகள் ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள உலோகத் தாங்கியை இழுத்து நடப்பதைக் கண்டு, அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய இலேசான பொருளைக்கொண்டு 300 கிராம் எடையில் செய்துகொடுத்த தாங்கி. நினைவிடம் தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே இருப்பதால், கோயிலில் நடக்க இயலாதவர்களும் இதைக் கண்டு திரும்பலாம்.

இறுதியாக, உடல்நிலை மோசமானால் எங்கே செல்வது என்பது. ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை உண்டு. முதலுதவிக்கும் பொதுவான நோய்களுக்கும் அங்கே செல்லலாம். சிறப்புச் சிகிச்சை தேவைப்பட்டால் பாலத்தைக் கடந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டும். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒன்று. அதற்கு முன்பெல்லாம் தீவின் கடும் நோயாளிகள் மதுரைவரை, இன்னும் 115 கிலோமீட்டர், செல்ல வேண்டியிருந்தது. இன்றும் சில சிகிச்சைகளுக்கு மதுரையே வழி.

ஆகவே அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், மருந்தளவு இன்னும் நிலைப்படாதவர்கள் ராமேஸ்வரப் பயணத்தைத் தள்ளிவைப்பதே எமது கருத்து. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் தடைபட்ட வேளையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வருகிறது. அத்தீவில் அந்த நிமிடங்களில் பெரும்பங்கு சாலையிலேயே கழியும். உடல் நிலைப்பட்ட பிறகு தாராளமாகச் செல்லலாம். வீடு திரும்பும்போது தரப்பட்ட மருத்துவச் சுருக்கத்தின் நகல், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, மாத்திரைகள் அவற்றின் பட்டைகளோடு, இவற்றை உடன்செல்பவர் தம்மிடமே வைத்திருக்கட்டும். விடுதி அறையில் பூட்டிவைத்தால் கடற்கரையில் உதவா.

108 ஐ அழைக்க நேர்ந்தால் "ராமேஸ்வரத்தில் இருக்கிறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தீவு முழுவதையும் வெளியூரார் அப்படித்தான் சொல்கிறார்கள். பாம்பனா, தங்கச்சிமடமா, அக்னி தீர்த்தக் கரையா, கோயிலின் மேற்கு வாசலா என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அரிச்சல்முனையில் இருப்பவர்கள் அதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து ஊருக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர், ஒரே சாலை, விடுமுறை நாளில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். இதய நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பம் அந்த முனையைக் காலை வேளையிலேயே கண்டு திரும்பிவிடலாம்.